எலும்புக்குள் ஆணி அடித்த டாக்டர்

மரத்தில் ஆணி அடிப்பார்கள். சுவரில் ஆணி அடிப்பார்கள். உயிருள்ள மனிதனின் எலும்புக்குள் ஆணி அடித்தார் ஒரு டாக்டர். ஒடிந்த காலோடு படுத்துக் கிடந்தவர்களை எழுந்து நடக்க வைத்தார்.

அவர் பெயர் கெர்ஹார்ட் குன்ட்ஷர். ஜெர்மனி நாட்டுக்காரர்.

விபத்தில் கால் ஒடிந்தவர்களுக்காகத்தான் அவர் அந்த ஆணியைச் செய்தார். ஆனால் அது இன்னொரு விதமான நோயாளிகளுக்கும் பெரிய துணையாக வந்து சேர்ந்தது. அவர்கள், உடம்பில் ஓரிடத்தில் தோன்றிய புற்று நோய் எலும்புக்குப் பரவி, அதனால் எலும்பு ஒடிந்து போனவர்கள்.

நோயைத் தீர்க்க முடியாவிட்டாலும் நோயாளியை நிற்க வைக்க முடியும். இந்த உண்மை உலகத்துக்குத் தெரிய வந்ததில் குன்ட்ஷருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

மாணவர் பருவம்

ஜெர்மனியில் சாக்சனி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள சுவிக்காவ் நகரில் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி குன்ட்ஷர் பிறந்தார்.

வூர்ஸ்பர்க், ஹாம்பர்க், யேனா ஆகிய மூன்று ஊர்களில் வைத்தியம் படித்தார். 1926-ல் யேனாவில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1930-ல் கீல் நகருக்கு வந்தார். கீல், ஜெர்மனியின் வட கோடியில் உள்ள துறைமுகப் பட்டணம். கப்பல் கட்டும் தளங்கள் நிறைந்த ஊர். அங்குள்ள பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் அறுவை வைத்தியராகச் சேர்ந்தார்.

எலும்பைப் பற்றி அவருக்கு ஓயாத ஆராய்ச்சி. மனிதன் நிற்கும்போது அவன் பாரம் எலும்பின் எந்தப் பக்கமாக இறங்குகிறது? எந்த இடத்தில் அழுத்தம் அதிகம்? இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார்.

எலும்பின் மேல் எளிதில் வெடிக்கும் மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசினார். பிறகு எலும்பின் மீது பாரம் ஏற்றினார். அழுத்தம் அதிகமான இடங்களில் பூச்சில் கோடு கோடாக வெடிப்பு விழுந்தது. 1934-ல் இந்த ஆராய்ச்சியை வெளியிட்டார்.

எலும்பு என்பது வெறும் உடல் உறுப்பு மட்டும் அல்ல. வீட்டைத் தாங்கும் தூண் போன்றது. தூணைப் போலவே அதற்கும் கணக்கு உண்டு. இந்த எண்ணம் அவர் மனதில் ஊன்றியது.

அந்தக் காலத்து வைத்தியம்

தொடை எலும்பு நம் உடம்பிலேயே மிக நீளமான எலும்பு. பலமான எலும்பும் அதுதான். அது ஒடிந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

நோயாளியைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். காலில் கம்பி மாட்டுவார்கள். கம்பியில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் எடைக்கல்லைத் தொங்க விடுவார்கள். எடை காலை இழுத்துப் பிடிக்கும். எலும்பு கூடும் வரை அப்படியே கிடக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஆகும்.

அதற்குள் முதுகில் படுக்கைப் புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். காலில் இரத்தம் உறையும். முழங்கால் மடங்காமல் விறைத்துப் போகும். ஒடிந்த எலும்பு உயிரை வாங்காது; படுத்தே கிடப்பது வாங்கிவிடும்.

இடுப்புக்குப் பக்கத்தில் தொடை எலும்பின் கழுத்து ஒடிந்தால், அதை உலோக ஆணி கொண்டு பொருத்தும் முறை அப்போது அமெரிக்காவில் வந்திருந்தது. ஸ்மித் பீட்டர்சன் என்ற டாக்டர் அதைச் செய்து காட்டியிருந்தார்.

குன்ட்ஷர் யோசித்தார். எலும்பின் கழுத்தில் ஆணி அடிக்க முடியுமானால், முழு எலும்புக்கும் நீளமான ஆணி ஏன் அடிக்கக் கூடாது?

மூங்கிலும் கம்பியும்

தொடை எலும்பு மூங்கிலைப் போன்றது. வெளியே கெட்டி, உள்ளே குழாய். குழாய்க்குள் மஜ்ஜை இருக்கும்.

ஒரு மூங்கில் நடுவில் ஒடிந்து போனால் வெளியே பத்தை வைத்துக் கட்டலாம். அதைவிட, உள்ளே ஒரு கம்பியைச் செருகிவிட்டால் இரண்டு துண்டும் நேராக நிற்கும். குன்ட்ஷரின் யோசனை இதுதான்.

கம்பி உள்ளே இறுகப் பிடிக்க வேண்டும். அதற்காகக் கம்பியை உருண்டையாகச் செய்யாமல், குறுக்கே வெட்டிப் பார்த்தால் மடித்த தகடு போலத் தெரியும்படி செய்தார். அது உள்ளே போகும்போது சற்று நெருங்கும். போன பிறகு விரியப் பார்த்து எலும்பைப் பற்றிக் கொள்ளும்.

துருப்பிடிக்காத எஃகினால், அதாவது நாம் எவர்சில்வர் என்கிறோமே அந்த இனத்து உலோகத்தினால், ஆணி செய்யப்பட்டது. கீல் நகரப் பொறியாளர் எர்ன்ஸ்ட் போல் இதில் அவருக்குத் துணை நின்றார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒடிந்த இடத்தை அவர் கிழிக்கவில்லை. இடுப்புப் பக்கம் சிறிதாகத் திறந்து, எலும்பின் மேல் நுனி வழியாக ஆணியைச் செலுத்தினார். அது போகும் பாதையை எக்ஸ்ரேயில் பார்த்துக் கொண்டார். அதனால் ஒடிந்த இடத்தில் காயமும் இல்லை. சீழ் பிடிக்கும் பயமும் குறைவு.

1939-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கீல் ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு ஒடிந்த ஒருவருக்குக் குன்ட்ஷர் முதல் முறையாக இந்த ஆணியைச் செலுத்தினார். அப்போது அவருக்கு வயது 38.

பெரியவர்களின் கோபம்

1940 மார்ச் மாதம் பெர்லினில் அறுவை வைத்தியர்களின் மாநாடு நடந்தது. அங்கே குன்ட்ஷர் தம் முறையை விளக்கினார்.

பாராட்டு கிடைக்கவில்லை. எதிர்ப்புத்தான் கிடைத்தது. மஜ்ஜை கெட்டுவிடும், எலும்பு கூடாது, மஜ்ஜையில் உள்ள கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்துவிடும் என்று பெரிய டாக்டர்கள் பயந்தார்கள்.

அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொழுப்பு நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. இன்றைய டாக்டர்களும் அதில் கவனமாகவே இருக்கிறார்கள். ஆனால் மஜ்ஜை கெட்டு எலும்பு கூடாமல் போகும் என்ற பயம் பொய்யாகிப் போனது. ஆணி அடித்த எலும்புகள் நன்றாகக் கூடின.

வியன்னாவில் லோரென்ஸ் போலர் என்ற டாக்டர் இருந்தார். எலும்பு முறிவு வைத்தியத்தில் உலகமே மதித்த மேதை. அவர் குன்ட்ஷரின் முறையைக் கையாண்டு பார்த்தார். மற்றவர்களுக்கும் எடுத்துச் சொன்னார். கண்டபடி எல்லா எலும்புக்கும் ஆணி அடிக்கக் கூடாது என்று பிற்பாடு எச்சரிக்கையும் செய்தார்.

கைதிகள் கொண்டுவந்த அதிசயம்

யுத்தத்தில் குன்ட்ஷர் ஜெர்மன் இராணுவ டாக்டராகப் பணிபுரிந்தார். பின்லாந்து நாட்டின் வடக்கே உள்ள கெமி நகருக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டு டாக்டர்களும் அவரிடம் இந்த வித்தையைக் கற்றுக் கொண்டார்கள்.

அது கொடிய யுத்தம். ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவையே நாசம் செய்தன. ஜெர்மானியரிடம் கைதியான எதிரி நாட்டுச் சிப்பாய்களில் கால் ஒடிந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு ஜெர்மன் டாக்டர்கள் இந்த ஆணியை வைத்தார்கள்.

சிப்பாய்கள் நாடு திரும்பினார்கள். அவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர்கள் திகைத்தார்கள். தொடை எலும்புக்குள் மேலிருந்து கீழ்வரை ஓர் இரும்புக் கம்பி! ஆனால் அந்தச் சிப்பாய் சாதாரணமாக நடக்கிறான்!

அமெரிக்காவின் டைம் பத்திரிகையிலும் 1945-ல் இதைப் பற்றிச் செய்தி வந்தது. அதே ஆண்டில் குன்ட்ஷரின் புத்தகமும் வெளியாயிற்று. யுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. குன்ட்ஷரின் ஆணியோ எதிரி நாடுகளிலும் இடம் பிடித்தது.

நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் பல ஆண்டுகள் அது வழக்கத்தில் இருந்தது. குன்ட்ஷர் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு அதைக் கே நெயில் என்பார்கள்.

அரித்த தூண்

இனி, புற்று நோயாளிகளுக்கு இந்த ஆணி எப்படி உதவியது என்று பார்ப்போம்.

புற்று நோய் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து வேறு இடங்களுக்கும் போகும். மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி, ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி ஆகிய இடங்களில் வரும் புற்று, எலும்பில் குடியேறுவது அதிகம்.

ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கில டாக்டர் 1889-லேயே இதை ஆராய்ந்தார். மார்பகப் புற்றினால் இறந்த 735 பெண்களின் விவரங்களைப் பார்த்தார். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் அல்லவா? அதுபோலப் புற்று அணுக்களும் தமக்கு ஏற்ற உறுப்பில்தான் வளர்கின்றன என்று அவர் கண்டார். எலும்பு அப்படிப்பட்ட மண்.

நம் எலும்பில் பழையதை அரிக்கும் அணுக்களும் உண்டு, புதியதைக் கட்டும் அணுக்களும் உண்டு. இரண்டும் சமமாக வேலை செய்யும் வரை எலும்பு பலமாக இருக்கும். புற்று நோய் வந்து அரிக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. கறையான் அரித்த தூண் போல எலும்பு உள்ளே பொள்ளலாகிறது.

தூணில் ஓட்டை விழுந்தால் அந்த ஓட்டையைச் சுற்றித்தான் பாரம் அழுத்தும். எலும்பும் அப்படியே. பிறகு பெரிய விபத்து வேண்டியதில்லை. கட்டிலிலிருந்து எழும்போதோ, படி இறங்கும்போதோ, திரும்பிப் படுக்கும்போதோ கூட ஒடிந்துவிடும்.

இப்படி ஒடிந்த எலும்பு எளிதில் கூடாது. 1983-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இப்படிப்பட்ட 129 முறிவுகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் கூடியிருந்தது.

ஆகவே, மாவுக்கட்டுப் போட்டுக் காத்திருப்பதில் பயன் குறைவு. கயிறு கட்டிப் படுக்க வைத்தால் எஞ்சிய நாட்கள் முழுவதும் படுக்கையிலேயே போய்விடும்.

இங்கேதான் குன்ட்ஷரின் ஆணி கை கொடுத்தது. எலும்பு கூடினாலும் கூடாவிட்டாலும் கம்பி பாரத்தைத் தாங்கும். நோயாளி எழுந்து உட்காரலாம். நிற்கலாம். பிறர் தூக்காமல் குளியலறைக்குப் போகலாம்.

ஒடியும் முன்பே ஆணி

1947-ல் கீல் நகர டாக்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புற்று அரித்த எலும்பு ஒடியட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? ஒடியும் முன்பே ஆணி செலுத்திவிடலாமே என்று எழுதினார்கள்.

இது நல்ல யோசனை. ஒடிந்த பிறகு செய்யும் ஆபரேஷனைவிட ஒடியும் முன் செய்வது எளிது. வலியும் குறைவு.

ஆனால், எந்த எலும்பு ஒடியும், எது ஒடியாது என்று எப்படித் தெரியும்? 1989-ல் மிரெல்ஸ் என்ற டாக்டர் ஒரு மதிப்பெண் கணக்கு வகுத்தார். புற்று எந்த எலும்பில் இருக்கிறது, வலி எப்படி, எலும்பு அரிந்திருக்கிறதா தடித்திருக்கிறதா, எலும்பின் அகலத்தில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 12. கூட்டிப் பார்த்து 9-க்கு மேல் போனாலும், 9 ஆகவே இருந்தாலும், முன்கூட்டியே ஆணி வைப்பது நல்லது. 8 வந்தால் டாக்டர் யோசித்து முடிவு செய்வார்.

அந்த நான்கில் நோயாளியே சொல்லக் கூடியது வலி ஒன்றுதான். காலை ஊன்றும்போது வலி அதிகமாகிறதா? அது எலும்பு கொடுக்கும் எச்சரிக்கை.

கடைசி நாட்கள்

யுத்தத்துக்குப் பிறகு குன்ட்ஷர் ஷ்லெஸ்விக் நகரில் உள்ள ஆஸ்பத்திரிக்குத் தலைவரானார். 1957-ல் ஹாம்பர்க் துறைமுக ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1965-ல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்பது பெயருக்குத்தான். ஆணியைச் சீர்திருத்திக் கொண்டே இருந்தார். உள்ளே ஆணி சுழலாமல், எலும்பு குட்டையாகாமல் இருக்க, குறுக்கே திருகு போட்டு மாட்டும் வழியையும் 1960-களில் ஆராய்ந்தார். பின்னால் வந்த டாக்டர்கள் அதை வளர்த்தார்கள். இன்று உலகமெங்கும் வைக்கப்படும் ஆணிகளில் பெரும்பாலானவை இரு முனையிலும் திருகு பூட்டியவையே.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலையே அவருக்குக் குடும்பம். 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி பிளென்ஸ்பர்க் நகரில் காலமானார். எழுத்து மேஜையிலேயே அவர் உயிர் பிரிந்தது. 72 வயது.

இன்றைய வைத்தியம்

குன்ட்ஷரின் ஆணி மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆணி பாரத்தைத் தாங்கும், புற்றை அழிக்காது.

ஆகவே ஆபரேஷன் காயம் ஆறியதும் அந்த இடத்துக்குக் கதிர் வைத்தியம் கொடுக்கிறார்கள். எலும்பு மேலும் அரிக்காமல் இருக்க ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. அந்த ஊசி போடும் முன் பல் டாக்டரையும் பார்க்க வேண்டும். சிலருக்குத் தாடை எலும்பு கெடுவது உண்டு. ஓட்டை பெரிதானால் எலும்புச் சிமெண்ட் வைத்து அடைக்கிறார்கள். இடுப்பு மூட்டுக்கு அருகில் மிகவும் கெட்டுப் போயிருந்தால் செயற்கை மூட்டே பொருத்துகிறார்கள்.

ஒடியும் நிலை இல்லை, வலி மட்டும்தான் என்றால் ஆபரேஷன் இல்லாமலே கதிர் வைத்தியம் வலியைத் தணிக்கும். பலருக்கு ஒரே தடவை கொடுத்தாலே போதும்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பார்கள். முதலாவது, அது பரவி வந்த புற்றுதானா, எலும்பிலேயே பிறந்த புற்றா என்று சோதிப்பார்கள். எலும்பிலேயே பிறந்ததாக இருந்து, தெரியாமல் ஆணி செலுத்தினால் நோய் எலும்பு முழுவதும் பரவிவிடும். இரண்டாவது, சிறுநீரகத்திலிருந்து வந்த புற்றாக இருந்தால் இரத்தம் மிகுதியாகக் கொட்டும். அதனால் முன்னதாகவே அந்த இரத்தக் குழாய்களை அடைத்துவிடுவார்கள்.

வீட்டார் கவனத்துக்கு

வீட்டில் புற்று நோய்க்கு வைத்தியம் பார்த்தவர் இருந்தால், சில விஷயங்களை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

அவருக்குப் புதிதாகக் கை கால் வலி வந்து நாளுக்கு நாள் கூடினால், வாயு என்றோ வயது என்றோ விட்டுவிடக் கூடாது. எண்ணெய் தடவி அழுத்தி உருவக் கூடாது. அரித்த எலும்பு அதிலேயே ஒடியலாம். உடனே டாக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

முதுகில் வலி வந்து, அதோடு கால் மரத்துப் போனாலோ, நடை தளர்ந்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ, ஒரு நாள் கூடத் தாமதம் கூடாது. முதுகுத் தண்டு நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எலும்பு ஒடிந்தே போனாலும் இனி என்ன இருக்கிறது என்று மூலையில் கிடத்திவிடாதீர்கள். எல்லாருக்கும் ஆபரேஷன் பொருந்தாது என்பது உண்மைதான். உடம்பு தாங்குமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். தாங்கும் என்றால் தயங்க வேண்டாம். தாங்காது என்றாலும் வலியைக் குறைக்க மருந்து உண்டு.

நோய் தீராத ஒருவருக்கு எதற்கு ஆபரேஷன் என்று சிலர் நினைப்பார்கள். அவருக்கு இன்னும் சில மாதங்களோ சில வருஷங்களோ இருக்கலாம். அந்தக் காலத்தில் அவர் வாசல் வரை நடந்து போவார். பேரப் பிள்ளையை மடியில் வைத்துக் கொள்வார். தம் கையால் எடுத்துச் சாப்பிடுவார். அது சிறிய காரியம் அல்ல.

தூண் அரித்துவிட்டது என்று யாரும் வீட்டைக் கைவிடுவதில்லை. முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். குன்ட்ஷர் மனிதனுக்கு அந்த முட்டைக் கொடுத்தார்.